பூக்கட்டுகிறவனுக்கு ஏன் முடிசூட்டவில்லை?

‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டாம் பாகம் வெளிவந்த மறுவாரம், 2023 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பெரிய அத்தையை மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குக் காரில் அழைத்துச் சென்றேன். அத்தைக்கு அப்போது 81 வயது. முப்பது வருடங்களுக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய உடம்பு. முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன, காதும் கண்ணும் மட்டும் இன்னும் சொன்னபடி கேட்கின்றன. முதல் பாகத்தைப் பார்த்த நாளிலிருந்து ஏழு மாதங்களாக, “அடுத்தது எப்பம்மா வரும்?” என்று என்னை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர். படம் முழுவதும் அசையாமல் இருந்தார். அருள்மொழிவர்மன் தனக்கு வந்த மகுடத்தை மதுராந்தகனுக்கு விட்டுக்கொடுக்கும் இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு விளக்குகள் எரிந்தன, ஆட்கள் எழுந்து போனார்கள், கூட்டுகிற பையன் துடைப்பத்தோடு உள்ளே வந்துவிட்டான், அத்தை எழவில்லை. இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்பதுபோல் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “போகலாம் அத்தை” என்றேன். “பூக்கட்டுறவனுக்கு ஏம்மா முடிசூட்டல?” என்று கேட்டார்.

சேந்தன் அமுதனைத்தான் சொல்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. இரண்டு பாகங்களிலும் சேர்த்து அவனுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். நானே அவனை மறந்துவிட்டிருந்தேன். மூன்றரை ஆண்டு தொடராக வந்த கல்கியின் ஐந்து பாக நாவலை ஐந்தரை மணி நேரத்துக்குள் சொல்லவேண்டுமென்றால் சிலவற்றை விடத்தானே வேண்டும் என்று மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் அவருக்கு விளக்கினேன். அத்தை பொறுமையாகக் கேட்டார். “அவன ராசாவாக்கத்தானம்மா கதையே? அத விட்டுட்டு இவ்ளோ நேரம் எதுக்குச் சண்ட போட்டாங்க?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கேள்வி சரியானதுதானா என்பதும் அன்றைக்குத் தெரியவில்லை.

எனக்கும் படத்தின்மேல் கோபம் இருந்தது. ஆனால் அது வேறு கோபம். பதினைந்து வயதில் இந்த நாவலை முதன்முதலாகப் படித்தபோது, ‘மலர் உதிர்ந்தது’ என்ற கடைசி அத்தியாயத்தில் மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிர்விடும் இடத்தில் அழுது, மறுநாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தவள் நான். படத்தில் அப்படி ஒரு பெண்ணே இல்லை. கந்தமாறன் இருக்கிறான், கடம்பூர் மாளிகை இருக்கிறது, அவனுடைய தங்கையை மட்டும் துடைத்தெடுத்துவிட்டார்கள். கிடைக்காத காதலுக்கு ஏங்கிய ஒரு பேதைப்பெண் தானே, போனால் போகட்டும் என்று சொல்வதற்கும் இல்லை. ஆதித்த கரிகாலன் செத்துக் கிடக்க, பழி வந்தியத்தேவன் தலையில் விழப்போகும்போது, ‘நான்தான் கொன்றேன்’ என்று முன்வருகிறவள் அவள். கொன்றது யார் என்பதைக் கல்கி கடைசிவரை மூட்டத்துக்குள்ளேயே வைத்தார். ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் அந்தப் பாவத்தைத் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். படமோ கரிகாலனே நந்தினியின் கையால் தன் சாவைத் தேடிக்கொள்வதாக அதைத் தீர்த்துவிட்டது. அந்தக் காட்சி நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மூட்டம் கலைந்துவிட்டது. இதையெல்லாம் ஈப்போவிலிருந்து வீடு வந்து சேரும்வரை நான் புலம்பிக்கொண்டே வண்டி ஓட்டினேன். அத்தை ஒரு வார்த்தையும் பேசாமல் செம்பனை மரங்களைப் பார்த்தபடி வந்தார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வைத்திருந்த கணக்கு

நாவல் ஒன்று படமாகும்போதெல்லாம் ‘மூலத்தில் அப்படி இல்லை’ என்று முதலில் கையைத் தூக்குகிற ஆள் எங்கள் வட்டாரத்தில் நான்தான். இத்தனைக்கும் அந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் நேராக வந்ததில்லை. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ நகரத்துப் பேராசிரியர் ஒருவரின் வீட்டுக்குள் நடக்கிறது. மகேந்திரன் 1979இல் அதிலிருந்து ‘உதிரிப்பூக்கள்’ எடுத்தபோது கதையை ஆற்றங்கரைக் கிராமத்துக்குக் கொண்டுபோய், பாத்திரங்களின் குணத்தையே வேறாக்கிவிட்டார். மூலத்தில் அப்படி இல்லைதான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

‘பரதேசி’யின் கதை இன்னும் சிக்கல். அதன் மூலமான நாவலை பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969இல் வெளியிட்டார், இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றியது என்றாலும் எங்கள் ஊரில் அதைப் படிக்கிறவர்களுக்கு அதில் அந்நியமானது குளிர் ஒன்றுதான். கங்காணி, துரை, லயம், தீராத கடன் எல்லாம் எங்கள் வீட்டில் புழங்கிய சொற்கள். நாவலில் கருப்பனும் வள்ளியும் சேர்ந்தே மலையேறுகிறார்கள். 2013இல் வந்த பாலாவின் படத்தில் நாயகன் தனியாகப் போகிறான். அவன் ஊரில் விட்டுவந்த பெண், பிள்ளையோடு கடைசிக் காட்சியில் அதே நரகத்துக்குள் வந்து நிற்கிறாள். அப்படி ஒரு முடிவு நாவலில் இல்லை. இருந்தும் நாவல் செய்யாத ஒன்றை அந்த முடிவு எனக்குச் செய்தது. என் பாட்டி கப்பலிலிருந்து இறங்கிய நாள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அதே படம் டாக்டரை என்ன செய்தது என்பதை மட்டும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. டேனியல் தாமே அந்தத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர். கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். நாவலில் கூலிகளின் பக்கம் நிற்கும் டாக்டரின் இடத்தில், படத்தில் ஆடிப்பாடி மதம் பரப்புகிற ஒருவரை நிறுத்திவிட்டார்கள். ஒரே படத்தில் ஒரு மாற்றத்தைக் கும்பிட்டும் இன்னொன்றைச் சபித்தும் நான் வீடு திரும்பினேன் என்றால், என் தராசு எதை நிறுத்தது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தராசின் ஒரு தட்டில் எப்போதும் புத்தகம் இருக்கும் என்பதை மட்டும் நான் சந்தேகித்ததே இல்லை.

கம்பிவேலிக்குள் வாசித்த கதை

அத்தைக்குப் புத்தகம் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டு வருடம் போனதோடு சரி; கையெழுத்துப் போடுவார், பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிப்பார். அவருக்குப் ‘பொன்னியின் செல்வன்’ என்பது என் தாத்தாவின் குரல்.

1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பகுதித் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதும் மலாயாவில் அவசரகாலம் வந்ததும் எங்கள் ஊரார் அனைவரும் அறிந்த கதை. அங்கங்கே சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை ஓரிடத்தில் கூட்டி, சுற்றிலும் கம்பிவேலி போட்டு, பொழுது சாய்ந்தால் வாசலைப் பூட்டிய காலம் அது. கல்கி இந்தத் தொடரைத் தொடங்கியது 1950 அக்டோபர் 29ஆம் தேதி. ஆக, சோழநாட்டின் ஒற்றர்களும் சதிகாரர்களும் நள்ளிரவில் குதிரையேறிப் போய்க்கொண்டிருந்த மூன்றரை ஆண்டும், அதைக் கேட்டவர்கள் ஊரடங்கில் வெளியே கால்வைக்க முடியாமல் இருந்தவர்கள். கொரியப் போரால் ரப்பர் விலை ஏறியிருந்த சமயம் என்பதால் தாத்தாவும் இன்னும் மூன்று பேரும் காசு போட்டுப் பத்திரிகையை வரவழைத்தார்களாம். சென்னையிலிருந்து ‘ரஜூலா’ கப்பல் நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து சுங்கை சிப்புட்டுக்கு வந்து, தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீட்டைத் தாண்டித் தாத்தா கைக்கு வருவதற்குள் வாரங்கள் ஓடியிருக்கும். சில சமயம் இரண்டு இதழ்கள் சேர்ந்து வரும். சில சமயம் ஒன்று வராமலே போகும்.

விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகவேண்டியவர்கள் இரவில் நெடுநேரம் விழித்திருக்க முடியாது. மண்ணெண்ணெய் விளக்கில் ஒரு மணி நேரம் வாசிப்பு, அவ்வளவுதான். மணியம் வரைந்த படம் உள்ள பக்கத்தை முதலில் ஒரு சுற்றுக் காட்டிவிட்டுத்தான் தாத்தா தொண்டையைச் செருமுவாராம். எட்டு வயதில் கேட்கத் தொடங்கிய அத்தை, தொடர் முடிந்தபோது பன்னிரண்டு வயதில் ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். தாத்தா அந்தப் பக்கங்களைப் பத்திரிகையிலிருந்து பிரித்து, மாவுச்சாக்குத் துணி வைத்துத் தைத்திருந்தார். மூன்றாம் பாகத்தைக் கரையான் தின்றுவிட்டது. மற்ற நான்கும் என்னிடம் இருக்கின்றன. நான் பதினைந்து வயதில் அழுததும் அந்தப் பிரதியில்தான். தாத்தா 1979இலேயே போய்விட்டதால் அவர் வாசித்து நான் கேட்டதில்லை.

ஐந்தாம் பாகத்தில் தேடியது

படம் பார்த்து ஒரு வாரம் கழித்து அத்தை வீட்டுக்குப் போனபோது, சேந்தன் அமுதன் முடிசூடும் கதையை அவர் வாயாலேயே சொல்லச் சொன்னேன். சொன்னார். முடிசூட்டு நாள் விடியவில்லை. நாலரை மணிக்கு மணி அடிக்கிறது. அரண்மனைப் பஞ்சணையில் படுத்திருந்த சேந்தன் அமுதன் பழக்கதோஷத்தில் துள்ளியெழுந்து, யாருக்கும் சொல்லாமல் நந்தவனத்துக்கு ஓடுகிறான். அங்கே ஊமைத் தாய் வாணியம்மை பனியில் நின்று பூப்பறித்துக்கொண்டிருக்கிறாள். அவனும் கூடையை எடுக்கிறான். தாய் கூடையைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, அவன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்து, விரல்களில் இருந்த நார்த் தழும்பைத் தடவிக்கொடுத்து, ‘போ, இனிமே உனக்குப் பெரட்டு இல்ல’ என்று சைகையால் சொல்லுகிறாள். அவன் கேட்காமல் தளிக்குளத்தாருக்கு ஒரு மாலையைக் கட்டி முடித்துவிட்டுத்தான் மகுடம் சூடப் போகிறான். “அந்த இடத்தில அப்பா கொஞ்ச நேரம் வாசிக்க மாட்டாரு. எல்லாரும் பேசாம இருப்பாங்க” என்றார் அத்தை.

எனக்கு வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு காட்சியை மறந்துவிட்டு மணிமேகலைக்காக ஊரைக் கூட்டியிருக்கிறேனே என்று வீட்டுக்கு வந்ததும் ஐந்தாம் பாகத்தைப் புரட்டினேன். காணவில்லை. இரண்டாம் முறை விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். புதிய அச்சுப் பதிப்பை எடுத்தும் பார்த்தேன். முடிசூட்டு விழா இருக்கிறது. கூடியிருந்தோர் திகைக்க, அருள்மொழி தனக்கென்று வந்த மகுடத்தைச் சேந்தன் அமுதன் தலையில் வைப்பதும் இருக்கிறது. நந்தவனத்துக் காட்சி எங்கும் இல்லை. இரவு விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் அந்த நாலரை மணியும் ‘பெரட்டு’ம் எனக்கு உறைத்தன. சோழர் அரண்மனையில் எவன் நாலரைக்கு மணி அடித்தான்? தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு அடித்தது எங்கள் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில்.

மறுநாளே அத்தையிடம் போனேன். தாத்தா புனைந்து சொன்னதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி, வேறு பக்கமாகத் தொடங்கினேன். “மணிமேகலை சாகிற இடத்தைத் தாத்தா எப்படி அத்தை வாசிப்பார்?” என்றேன். அத்தை நெற்றியைச் சுருக்கினார். “அது யாரு?”

கந்தமாறனின் தங்கை என்றேன். கடம்பூர் என்றேன். பாட்டுப் பாடுவாளே என்றேன். அத்தைக்குக் கடம்பூர் மாளிகை நினைவிருந்தது, கட்டிலும் விளக்கும் வேட்டை மண்டபமும் நினைவிருந்தன. அந்தப் பெண் மட்டும் இல்லை. காரில் அவர் பேசாமல் வந்தது களைப்பால் அல்ல. நான் அரை மணி நேரம் யாருக்காகப் புலம்புகிறேன் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதன்பிறகு தாத்தாவின் பிரதியை நான் வேறு கண்ணால் பார்த்தேன். முன்பு அழுக்கு என்று நினைத்தவை எல்லாம் இப்போது தடயங்களாகிவிட்டன. பக்கங்களின் கீழ் ஓரத்தில் ஒட்டுப்பால் கறை படிந்த பெருவிரல் அச்சு ஏறத்தாழ எல்லா இதழ்களிலும் இருக்கிறது. வர்ணனைகளின் இருபுறமும் பென்சிலால் மெல்லிய வளைவு போட்டிருக்கிறார்; தாண்டிப் போகவேண்டிய இடங்கள். சிறுமியாக இருந்தபோது நான் அவற்றைப் பள்ளிக்கூடத்துக் குறிப்பு என்று எண்ணியிருந்தேன். மணிமேகலை வரும் இடங்களில் அந்த வளைவுகள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. கடைசி அத்தியாயத்தில் வளைவும் இல்லை, கறையும் இல்லை. வெளியே தைத்த நூல் பழுத்துக் கிடக்க, அந்தச் சில தாள்கள் மட்டும் வெளுப்பாக இருக்கின்றன. என் கண்ணீர்த் துளிகள்தாம் அவற்றின் முதல் கறையாக இருந்திருக்க வேண்டும்.

ஏன் நீக்கினார் என்று கேட்க ஆள் இல்லை. ஒரு மணி நேர விளக்கில் எதையாவது விட்டாகவேண்டும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் படக்காரர்கள் சொல்லும் அதே காரணம். சிற்றரசர் வீட்டுச் செல்லப்பெண்ணின் மனக்கஷ்டம் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒட்டாது என்று நினைத்திருக்கலாம். இதழ்கள் தவறிய வாரங்களில் சமாளிக்கப் போய் அவள் நழுவிப்போயிருக்கலாம். எப்படியானாலும், 2023இல் ஓர் இயக்குநர் செய்தபோது நான் துரோகம் என்று சொன்ன அதே வேலையை, அதே பெண்ணிடம், என் தாத்தா எழுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்துவிட்டார். திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அவள் இல்லாதது தெரியவே இல்லை.

செப்பேட்டுக்கும் திண்ணைக்கும் நடுவில்

மகுடத்தின் விஷயத்தில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. படம் கல்கியை மீறியது உண்மை. ஆனால் சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வது ஏறத்தாழப் படம் சொல்வதைத்தான்: மக்கள் வேண்டியும் அருள்மொழி ஏற்கவில்லை, சிற்றப்பன் மதுராந்தகனுக்கு ஆசை இருக்கும்வரை அவனே ஆளட்டும் என்று ஒதுங்கினான். கண்டராதித்தரின் மகனான அந்த மதுராந்தகன்தான் உத்தம சோழன். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985இல்தான். பிறந்தபோதே பிள்ளை மாறிப்போனது, பூக்கட்டி வளர்ந்தவனே உண்மையான இளவரசன் என்பதெல்லாம் கல்கியின் கைச்சரக்கு. செப்பேட்டை மூலம் என்று வைத்தால் அதை மீறியவர் கல்கி. திரும்பிப் போனவர்கள் படக்காரர்கள். கல்கி திறந்த வழியிலேயே இன்னும் கொஞ்ச தூரம் நடந்து, தாயையும் மகனையும் பனியில் நிறுத்தி வைத்தவர் என் தாத்தா. தொடர் முடிந்த கையோடு, பாத்திரங்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டதற்கெல்லாம் கல்கியே ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்லவேண்டியிருந்தது. எல்லாருக்கும் கதை போதாமல்தான் இருந்திருக்கிறது. தாத்தா கடிதம் எழுதிக் கேட்காமல் தாமே சொல்லிக்கொண்டார்.

இத்தனையும் தெரிந்த பிறகும் படம் செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. மணிமேகலைக்காக இப்போது அவ்வளவு கோபம் இல்லை. சேந்தன் அமுதனுக்காகத்தான் கோபம்; அது அத்தையிடமிருந்து எனக்குத் தொற்றியது. மகுடத்தைத் துறப்பது பெரிது என்பதைப் படம் காட்டிவிட்டது. யாருக்காகத் துறப்பது என்பதில்தான் இடறியது. அதை அடையச் சூழ்ச்சி செய்தவன் கையிலேயே கொடுப்பது அரசியல் பெருந்தன்மையாக இருக்கலாம், செப்பேட்டில் ஏறுவதற்கும் தகுதியானதாக இருக்கலாம். கேட்காதவன் தலையில், அதுவும் அரண்மனையில் எவரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒருவன் தலையில் வைக்கிறபோது அவையில் எழும் திகைப்பு வேறு. ஐந்து பாகங்களாகக் கல்கி கட்டிக்கொண்டு வந்தது அந்தத் திகைப்பை.

ஒருநாள் அத்தையிடம் குறும்பாகக் கேட்டேன்: “ஆனால் அத்தை, அவனும் ராஜா வீட்டுப் பிள்ளைதானே? பூக்கட்டுகிறவன் ராஜாவாகவில்லையே, ராஜாதானே பூக்கட்டிக்கொண்டிருந்தான்?” அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, “அதெல்லாம் அப்புறம் தெரிஞ்சதுதானம்மா. அது வரைக்கும் அவன் பூதானே கட்டினான்?” என்றார்.

நந்தவனத்துக் காட்சி புத்தகத்தில் இல்லை என்பதையும் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். நம்பவில்லை. என்னிடமிருப்பது குறைப்பிரதி, கரையான் தின்ற பாகத்தில் அது போயிருக்கும் என்று முடிவுகட்டினார். முடிசூட்டு ஐந்தாம் பாகத்தில்தான் வருகிறது என்று நான் வாதாடவில்லை. அதற்குப் பதிலாக, போன ஆண்டு முதல் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் முதல் பாகத்திலிருந்து அவருக்கு வாசித்துக்காட்டத் தொடங்கினேன். பென்சில் வளைவுகளுக்குள் இருப்பவற்றையும் விடாமல் வாசிக்கிறேன். பாதி நேரம், “அப்பா இப்படி வாசிக்க மாட்டாரு” என்று குறுக்கே வருகிறார்; வர்ணனை வரும்போது கண்ணயர்ந்துவிடுகிறார், குதிரை வந்ததும் விழித்துக்கொள்கிறார்.

கடம்பூர் மாளிகைக்கு வந்தோம். தன் தங்கையை மறந்துவிடும்படி கந்தமாறன் வந்தியத்தேவனிடம் சொல்லும் இடம். பென்சில் வளைவு தொடங்கும் வரியில் நான் ஒரு கணம் நின்றுவிட்டேன். அத்தை கண்ணைத் திறந்தார்.

“யாரு தங்கச்சி?”

“கந்தமாறன் தங்கச்சி அத்தை. மணிமேகலை.”

“அவனுக்குத் தங்கச்சி இருந்திச்சா? அப்பா சொல்லவே இல்லையே.”

“இருந்தாள் அத்தை.”

காலை நீட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். “சரி, வாசி” என்றார்.